செத்த கோணம்

பாரிஸ் பக்கத்தில் இருக்கும் என் மகள் போன மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தாள். குப்பை லாரியின் பின்பக்கம். அதில் ஒரு ஸ்டிக்கர், மேலே பெரிய எழுத்தில் 'ஆங்ல் மோர்' என்று பிரெஞ்சில். "அப்பா, இதுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டிருந்தாள்.

பள்ளியில் எங்கள் கணக்கு வாத்தியார் எல்லாக் கோணத்தையும் பிரெஞ்சில்தான் நடத்தினார். செங்கோணம், குறுங்கோணம், விரிகோணம் எல்லாம் வந்தன. இந்த ஒன்று மட்டும் பாடத்தில் வரவில்லை. சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'செத்த கோணம்'. ஓட்டுநர் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் அகப்படாத இடம் என்று பொருள். 2021 ஜனவரி 1 முதல் பிரான்சில் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட லாரி, பஸ் எல்லாவற்றிலும் இரு பக்கமும் பின்னாலும் இதை ஒட்டியாக வேண்டும்.

படத்தைப் பார்த்ததும் எனக்கு கொலுஷ் ஞாபகம் வந்துவிட்டது. என்னோடு படித்தவர்களுக்கு அறிமுகம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

இயற்பெயர் மிஷேல் கொலுச்சி, 1944-இல் பிறந்தவர். அப்பா இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர். கோடு போட்ட பேண்ட்டும் மஞ்சள் சட்டையுமாக மேடையில் வந்து நின்றாலே சனம் சிரிக்கும். 1980-இல் ஜனாதிபதி தேர்தலில் நிற்கப்போகிறேன் என்று அறிவித்தார். வேடிக்கை என்று நினைத்தவர்கள் கருத்துக்கணிப்பைப் பார்த்து மிரண்டு போனார்கள். கடைசியில் அவரே விலகிக்கொண்டார். 1985 செப்டம்பரில் வானொலியில் பேசும்போது, ஏழைகளுக்கு இலவசச் சாப்பாடு போடலாம் என்றார். 'ரெஸ்தோ து கேர்' அப்படிப் பிறந்தது. இதயத்தின் சாப்பாட்டுக் கடைகள் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் குளிர்காலத்திலேயே 85 லட்சம் சாப்பாடு போட்டார்கள். இன்றைக்கும் நடக்கிறது.

அதே செப்டம்பரில் அவர் இன்னொன்றும் செய்தார். இத்தாலியில் நார்தோ என்ற ஊரின் பந்தயத் தடத்தில் மோட்டார் சைக்கிளை மணிக்கு 252 கிலோமீட்டருக்கு விரட்டி உலக சாதனை படைத்தார்.

ஒன்பது மாதம் கூட ஆகவில்லை. 1986 ஜூன் 19, மாலை நேரம். தெற்கே, கான் நகரத்துக்குப் பக்கத்தில் ஓப்பியோ என்ற சிறிய ஊர். நண்பர்கள் இரண்டு பேரோடு மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். எதிரே வந்த கனரக லாரி இடப்பக்கம் திரும்பியது. (அங்கே வண்டிகள் வலப்பக்கமாகப் போகும். ஆகவே நம்மூரில் லாரி 'ரைட் எடுப்பது' போலத்தான்.) அவர் பாதை முழுக்க அடைபட்டுப் போனது. தலை நேரே லாரியின் முகப்பில் மோதியது. 252-இல் போன மனிதர் அன்று வந்த வேகம் சுமார் 60 என்று விசாரணையில் கண்டார்கள். ஹெல்மெட் இருந்தது, கைப்பிடியில் மாட்டியிருந்தது. வயது 41.

சதி என்று இன்றும் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. லாரி திரும்ப ஆரம்பித்துவிட்டால் சாலையில் ஒரு சுவர் எழும்பியதைப் போலத்தான், அதற்குச் சதி எதற்கு? அவருடைய நண்பரும் பாடகருமான ரெனோ 1988-இல் வெளியிட்ட இசைத்தட்டுக்கே 'பாழாய்ப்போன லாரி' என்கிற மாதிரிதான் தலைப்பு. மூலத்தில் இருக்கும் சொல்லை எங்கள் வாத்தியார் முன் சொல்லியிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.

இதை எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. தொண்ணூறுகளில் மரப்பாலம் சந்திப்பில், ஆபீசுக்கு நேரமாகிவிட்டதென்று, நின்றிருந்த ஒரு லாரியின் இடப்பக்கச் சந்தில் என் மொபெட்டை நுழைத்தேன். கை காட்டி விளக்கு எரிந்ததா, நான் பார்க்கவில்லை. லாரி இடப்பக்கம் ஒடித்தது. முன்சக்கரம் விலகித்தான் போயிற்று, ஆனால் பின்சக்கரம் அதே தடத்தில் வராது, உள்ளே ஒதுங்கி வரும். அது என் முழங்கால் பக்கம் வரும்போது மேலே 'தட் தட்'டென்று சத்தம். கிளீனர் பையன் கதவை அடித்துக்கொண்டே, "அண்ணே, வண்டி, வண்டி!" என்று கத்தினான். லாரி நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். அவருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. "சார், எங்கண்ணாடியில உங்களுக்கு என் மூஞ்சி தெரிஞ்சுதா? தெரியலன்னா நீங்களும் எனக்குத் தெரியமாட்டீங்க" என்றார்.

நம் ஓட்டுநர் உட்காருவது வலப்பக்கம். இடப்பக்கம் முழுக்க அவருக்குச் செத்த கோணம். அதற்கு உயிர் கொடுத்தவன் அந்தக் கிளீனர் பையன். இப்போது பல லாரிகளில் கிளீனரே இல்லை. ஓட்டுநர் ஒருவரே வருகிறார்.

மகளுக்குப் பதில் எழுதிவிட்டு அன்று சாயங்காலம் அதே மரப்பாலத்தில் டீ குடித்துக்கொண்டு நின்றேன். சிக்னலில் ஜல்லி ஏற்றிய டிப்பர் ஒன்று நின்றது. அதன் இடப்பக்கச் சந்தில் ஒரு கல்லூரிப் பையன், காதில் பாட்டு, ஹெல்மெட் முழங்கையில். கூப்பிட்டுப் பார்த்தேன், திரும்பவில்லை. கிளாசை வைத்துவிட்டுப் போய் டிப்பரின் பக்கத்தகட்டைக் கையால் ஓங்கித் தட்டினேன். ஓட்டுநர் தலையை நீட்டி, "யோவ் பெரியவரே, என்னா?" என்றார். சந்தைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார், கையை ஆட்டினார். பச்சை விழுந்தும் பையன் போகிறவரை வண்டியை எடுக்கவில்லை. பையன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். டீ ஆறிப்போயிருந்தது.