வெறுமைக்கும் ஓர் அளவுகோல்



கஹவத்தையைச் சூழ்ந்த பகுதிகளிலே மாணிக்கக்கல் தேடிக் குழி தோண்டுவோர் முதலிற் சந்திக்கும் எதிரி நீரே. குழியின் மேலே உறிஞ்சும் பம்பியொன்றை வைத்து, எத்துணை ஆழத்திலிருந்தும் நீரை இழுத்துவிடலாம் என எண்ணுதல் இயல்பு. ஆனால், ஏறத்தாழ 10 மீற்றருக்கு மேல் அந்நீர் ஏறாது. இத்தாலிய அறிஞர் கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலிலே இவ்விந்தையைக் குறித்தார். அவர் வழிவந்த டொரிசெல்லி சில ஆண்டுகளுள் விடை கண்டார். பம்பி நீரை இழுப்பதில்லை. அது வெற்றிடத்தை உண்டாக்க, வெளியேயுள்ள வளிமண்டலமே நீரை மேலே தள்ளுகின்றது.

ஆங்கில நாட்டுச் சுரங்கங்களிலும் நீரே பேரிடராயிருந்தது. 1712இல் நியூகொமன் அமைத்த பொறி, உருளைக்குள் நீராவியைக் குளிர்வித்து வெற்றிடமாக்கியது. காற்றின் அமுக்கம் முசலத்தைக் கீழே தள்ள, சுரங்க நீர் வெளியேறியது. 1769இல் காப்புரிமை பெற்ற ஜேம்ஸ் வாட், நீராவியைத் தனிக் கலத்தில் ஒடுங்கச் செய்து, அங்கே தேங்கும் காற்றையும் நீரையும் அகற்றச் சிறு பம்பியொன்றை இணைத்தார். இன்றைய ஆலைகளின் வெற்றிடப் பம்பிகளுக்கு அதுவும் ஒரு மூதாதை.

வெற்றிடம் விலையின்றிக் கிடைப்பதன்று. அன்று அதன் விலை நிலக்கரி. பழைய பொறியோடு ஒப்பிட்டு, மிச்சப்படும் நிலக்கரியின் பெறுமதியில் மூன்றிலொரு பங்கை வாட்டும் அவர் பங்காளி போல்ற்றனும் கட்டணமாகக் கேட்டனர். ஆகவே அளவை தேவைப்பட்டது. ஒரு புசல் நிலக்கரியை எரித்தால் எத்தனை இறாத்தல் நீரை ஓரடி உயர்த்தலாம்? அதுவே வினைத்திறனின் அளவு. பொறியின் அசைவுகளை எண்ணும் கருவி பூட்டிய பெட்டிக்குள் வைக்கப்பட்டது. பூட்டு இருந்தும், கோண்வால் சுரங்க உடைமையாளரோடு ஏற்பட்ட பிணக்கு ஓயவில்லை.

1800இல் காப்புரிமை முடிந்தது. 1811 முதல் ஜோயல் லீனும், அவருக்குப்பின் அவர் மைந்தரும், கோண்வால் பொறிகளின் அளவுகளை மாதந்தோறும் அச்சிட்டு வெளியிட்டனர். எவர் பொறி சிறந்தது என்பது ஊரறிந்த செய்தியாயிற்று. ஒருவர் கண்ட திருத்தத்தை மற்றவரும் கற்றனர். சில பத்தாண்டுகளுள் வினைத்திறன் பன்மடங்கு உயர்ந்தது.

இன்று நிலக்கரியின் இடத்தை மின்சாரம் பெற்றுள்ளது, கேள்வி மாறவில்லை. எந்த அமுக்கத்திலே, நிமிடத்துக்கு எவ்வளவு காற்றை, எவ்வளவு மின்சாரத்தைச் செலவிட்டு ஒரு பம்பி அகற்றுகின்றது என மூன்றையும் சேர்த்தே கேட்டல் வேண்டும். குழாயிற் கசிவிருப்பின் நல்ல பம்பியும் வீண்பழி சுமக்கும்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதனைக் கற்பிக்கும்போது, கொழுந்து நிறுக்கும் தராசை நான் நினைவூட்டுவதுண்டு. கொழுந்து கொணர்ந்தவரும் கணக்கெழுதுபவரும் ஒருங்கே முள்ளைக் கண்டாற்றான் நிறுவைக்கு மதிப்பு. பூட்டிய பெட்டிக்குள் இருந்த அளவு பிணக்கை வளர்த்தது. பலரும் காண வைத்த அளவு தொழிலை வளர்த்தது.