வாய் வெந்து போச்சா? ‘கரண்ட்’ சிகிச்சையை பாதியில் விடாதீங்க!

குமாரலிங்கபுரம்:

வாய், நாக்கு, தொண்டை புற்றுநோய்க்கு கொடுக்கும் கதிர்வீச்சு சிகிச்சையை ‘கரண்ட் வைக்கிறது’ என்று மக்கள் சொல்வார்கள். குமாரலிங்கபுரம் போன்ற கிராமங்களில் இருந்து இதற்காக மதுரைக்கு பஸ் ஏறுபவர்கள் உண்டு. அங்கு பாலரெங்கபுரத்தில் அரசு புற்றுநோய் சிகிச்சை மையம் இருக்கிறது.

பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள் வீதம் 6, 7 வாரம் சிகிச்சை நடக்கும். 2-வது அல்லது 3-வது வாரம் வாய் சிவந்து புண்ணாகும். கதிர்வீச்சு, நோயோடு சேர்த்து வாயின் உள்தோலையும் தாக்குவதே காரணம். எச்சிலும் வற்றும்.

‘எச்சில்கூட முழுங்க முடியலை, இனி கரண்ட் வேண்டாம்’ என்று வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் ஆபத்து. இடையில் நாள் விட்டால் புற்றுநோய் மறுபடி வளர இடம் கிடைக்கும். புண்ணோ, சிகிச்சை முடிந்த சில வாரங்களில் பெரும்பாலும் ஆறிவிடும்.

தொடங்கும் முன்பு

பல் டாக்டரிடம் காட்ட வேண்டும். சொத்தைப் பல்லை எடுப்பதாக இருந்தால், புண் ஆற 2 வாரமாவது இடைவெளி தேவை. கதிர்வீச்சுக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். பீடி, புகையிலை, வெற்றிலை பாக்கு, மது அறவே கூடாது.

வாய் கொப்பளிக்க

காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் குடிதண்ணீரில் உப்பு 1 டீஸ்பூன், ஆப்பசோடா 1 டீஸ்பூன் கலக்க வேண்டும். சாப்பிட்ட பிறகும், தூங்கும் முன்பும், இடையிடையேயும் கொப்பளித்து துப்ப வேண்டும். விழுங்கக்கூடாது. தினமும் புதிதாக கலப்பது நல்லது. மிருதுவான பிரஷ் போதும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரிச்சலைக் கூட்டும். பென்சிடமின் மவுத்வாஷ், வாயை மரத்துப்போகச் செய்யும் ஜெல் போன்றவற்றை டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும் பயன்படுத்தலாம். தேன் சிலருக்கு உதவும். ஆனால் சர்க்கரை நோயாளிகள் கேட்காமல் தொடக்கூடாது.

என்ன சாப்பிடலாம்?

ஆறிய அரிசிக்கஞ்சி, புளிக்காத கேழ்வரகு கூழ், குழைந்த தயிர்சாதம், பாலில் ஊறிய இட்லி, நன்றாக வேகவைத்து மசித்த முட்டை, பருப்புத் தண்ணீர் நல்லது. கூழுக்கு தொட்டுக்க மிளகாய், ஊறுகாய் வேண்டாம். புளி, முறுக்கு, கொதிக்கிற டீயும் கூடாது. வலி மாத்திரையை சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட்டால் விழுங்குவது எளிது.

உடனே ஆஸ்பத்திரிக்கு

காய்ச்சல், வாயில் வெள்ளைப் படலம், ரத்தக்கசிவு, தண்ணீர்கூட இறங்காத நிலை இருந்தால் காத்திருக்கக் கூடாது. சாப்பிடவே முடியாதவர்களுக்கு மூக்கு வழியாக குழாய் போட்டு உணவு கொடுத்து சிகிச்சையைத் தொடர வழி இருக்கிறது. வலியை மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.