ஆடிப் பதினெட்டும் தை முதல் நாளும்: ஒரு சம்பா வெள்ளாமையின் இரு முனைகள்

பொங்கலை அறுவடைத் திருநாள் என்று ஒரு சொல்லில் சொல்லி முடித்துவிடுவது நம் பண்பாட்டு ஆய்வுகளில் பழகிப்போன ஒன்று. ஆடிப்பெருக்கை அவை நதி வழிபாடு என்ற தலைப்பின் கீழ்த் தனியே ஒதுக்கிவிடுகின்றன. காவிரிப் படுகையைப் பொறுத்தவரை இந்தப் பிரிப்பு பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அங்கே ஆடி 18-ம் தை 1-ம் ஒரே சம்பா வெள்ளாமையின் தொடக்கமும் முடிவும். முன்னது வேண்டுதல், பின்னது அந்த வேண்டுதல் பலித்ததற்குச் செலுத்தும் நேர்த்தி.

முதலில் நாள்கணக்கு. ஆடி 18 ஆகஸ்ட் 2 அல்லது 3-ஆம் தேதி வரும். தை 1 ஜனவரி 14 அல்லது 15. இடைப்பட்டவை ஏறத்தாழ 165 நாள். பழைய நீண்டகாலச் சம்பா ரகங்களின் வயது 150 முதல் 180 நாள். குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டி, புதுவெள்ளம் படுகைக்கு வந்து சேரும் வேளையில் நாற்றங்காலில் விதை விழுந்தால், தை பிறக்கும்போது கதிர் அரிவாளுக்குத் தயாராக இருக்கும். ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழி இங்கே வெறும் அறிவுரையாக நிற்கவில்லை. அறுவடை நாளையும் சேர்த்தே குறித்துவிடுகிறது.

குறுவை இந்த வாதத்துக்கு எதிர்ச்சான்றாகுமா? ஆகாது; வலுவே சேர்க்கிறது. ஜூனில் விதைத்து 105 முதல் 120 நாளில் அறுக்கும் குறுவைக்கு இந்த அளவில் விதைப்பு விழாவும் இல்லை, அறுப்பு விழாவும் இல்லை. 1934-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டு, பின்னர் 1960-களில் குறுகியகால ரகங்கள் வந்தபின் குறுவைப் பரப்பு பெருகியது. அதன் அறுவடையோ வடகிழக்குப் பருவமழையோடு மல்லுக்கட்டும் அறுவடை. நனைந்த நெல்லைச் சாலையில் காயப்போட்டு, கொள்முதல் நிலையத்தின் 17 சதவீத ஈரப்பத வரம்புக்குள் கொண்டுவரத் தவிக்கும் விவசாயிக்குக் கொண்டாட நேரமேது? அந்தப் பணம் தீபாவளிச் செலவுக்கு உதவலாம். ஆனால் தீபாவளியின் சடங்குகளில் நெல்லுக்கென்று தனி இடமில்லை. ஆக, விழாக்களின் வரிசை சம்பாவின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

இனிச் சடங்குகள். ஆடிப்பெருக்கன்று படித்துறையில் பெண்கள் செய்வதை அருகிருந்து பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். வாழையிலை விரித்து, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து, காதோலை கருகமணியும் மஞ்சள் கயிறும் பழமும் படைத்து, காவிரிக்குத் தீபம் காட்டுகிறார்கள். வெல்லமும் எள்ளும் கலந்து ஊறவைத்த காப்பரிசி கட்டாயம் இருக்கும். பிறந்த குழந்தைக்குக் காப்பிடும் நாளிலும் பல வீடுகளில் செய்வது இதே காப்பரிசிதான். காவிரி அன்று மசக்கைக்காரி என்பது படுகையின் நம்பிக்கை. புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய்ச் சாதம் என்று கட்டிக்கொண்டு போவது அவளுடைய வாய்க்கு ருசியாக. புதுமணப் பெண்கள் கல்யாண மாலையை ஆற்றில் விட்டுத் தாலிக் கயிறு மாற்றிக்கொள்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் அரங்கநாதரின் உற்சவரான நம்பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி, பட்டுப்புடவையும் மங்கலப் பொருள்களும் காவிரிக்குப் பிறந்தவீட்டுச் சீராகத் தருகிறார். ஆடிப்பூரத்தில் அம்மனுக்கு வளைகாப்பு நடப்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். விதை விழும் மாதம் முழுவதுமே சூல்கொண்ட பெண்ணைப் போற்றும் மாதமாக இருக்கிறது.

முளைப்பாரியும் இங்கே கவனத்துக்குரியது. எருவும் மண்ணும் நிரப்பிய சட்டியில் நவதானியம் தூவி, வெயில் படாமல் வளர்த்து, வெளிறிய மஞ்சள் முளைகளை ஆற்றில் கரைக்கிறார்கள். இது விதையின் முளைப்புத் திறனைச் சோதிக்கும் உத்தி என்று சிலர் விளக்குவதுண்டு. அந்த விளக்கம் எனக்கு அரைகுறையாகவே படுகிறது. சோதனை மட்டுமே நோக்கமென்றால் விரதமும் கும்மியும் எதற்கு? வயலில் நடக்கவேண்டியதை வீட்டுக்குள் முன்கூட்டி நடத்திக் காட்டும் வேண்டுதல் என்று கொள்வதே பொருத்தம்.

தையில் இதே பொருள்கள் நிறைவின் கோலத்தில் திரும்பி வருகின்றன. மஞ்சள் கயிறாக இருந்தது கிழங்கும் இலையுமாகப் பானையின் கழுத்தில் ஏறுகிறது. ஊறிய காப்பரிசி இருந்த இடத்தில் புத்தரிசி பொங்குகிறது. மறுநாள் கணுப்பிடி வைக்கும் குடும்பங்களில், ஆற்றங்கரையிலோ மொட்டைமாடியிலோ மஞ்சள் இலை விரித்து நிறநிறமான சோற்று உருண்டைகளைப் பெண்கள் உடன்பிறந்தார் நலத்துக்காக வைக்கிறார்கள். மஞ்சள், கலந்த சாதம், நீர்க்கரை, பெண்களே முன்னின்று நடத்துவது, பிறந்தவீட்டு உறவு: ஆடியில் கண்டவை ஏறக்குறைய அத்தனையும் இங்கே உண்டு. தற்செயல் என்று தள்ளிவிட முடியாத ஒற்றுமை இது.

ஒரு மறுப்பு வரலாம். நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை அடிப்படையாகக் கொண்ட நிராயன முறையிலானது. தை முதல் நாளில் வரும் மகர சங்கராந்தியும் சூரியனின் உண்மையான வடதிசைத் திருப்பமும் மூன்றாம் நூற்றாண்டையொட்டி ஒன்றாக இருந்தன. இன்று இடைவெளி ஏறத்தாழ 24 நாள். பருவத்தை விட்டு நகரும் விழாவை எப்படிப் பயிரோடு பிணைப்பது? என் பதில் இது: இரண்டு விழாக்களும் ஒன்றாகவே நகர்கின்றன. இடைப்பட்ட 165 நாள் மாறவில்லை. புதுவெள்ளமும் ஒரே நாளில் வந்து போவதன்று, ஜூன் முதல் செப்டம்பர் வரை நீள்வது.

படுகைக்கு வெளியே இந்த வாதம் அப்படியே செல்லாது என்பதையும் சொல்லவேண்டும். கொங்குநாட்டின் புன்செய்ப் பகுதிகளில் பூளைப்பூவும் ஆவாரையும் வேப்பிலையும் சேர்த்துக் காப்புக் கட்டி, மாட்டுப்பட்டியில் சிறு தெப்பக்குளம் அமைத்துப் பட்டிப்பொங்கல் வைக்கிறார்கள். அங்கே விழாவின் நடுப்பொருள் நெல்லன்று, கால்நடை.

இந்தப் பிணைப்பை இன்று பெரிதும் அசைத்திருப்பது ஆற்றின் வரத்து. குறுவைக்காக ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறப்பது மரபு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் அணை திறக்கப்படவில்லை. 2024-இலும் ஜூலை இறுதியில்தான் திறந்தார்கள். தண்ணீர் வராத ஆண்டுகளில் படித்துறையில் குழாய் நீரை வைத்துப் பூசை செய்த பெண்களின் மனவேதனையைப் பக்திக்கு நேர்ந்த குறையாக மட்டும் பதிவு செய்வது போதாது. விதைக்க முடியாத குடும்பத்தின் துயரமும் அதற்குள் இருக்கிறது.

ஆகவே களப்பணியில் இறங்கும் இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு ஊரின் பொங்கலைப் பதிவு செய்யும்போது, அவ்வாண்டு அங்கே விதைத்தது எந்த நெல், என்று விதைத்தார்கள், வாய்க்காலில் என்று தண்ணீர் வந்தது என்பதையும் கேட்டு எழுதுங்கள். பொங்கலைப் பற்றிய ஆய்வை ஆடியிலிருந்து தொடங்குங்கள்.