விமான நிலைய மண் கெட்டால் யார் சுத்தம் செய்யணும்?

ஸ்ரீ விஜயபுரம் (முன்பு போர்ட் பிளேர்) போனால் நீங்கள் இறங்குவது கடற்படையும் பயன்படுத்தும் ஓடுபாதையில். எந்த விமான நிலையத்திலும் கசியும் எரிபொருளும் தீயணைப்பு நுரையும் மண்ணில் இறங்கி நிலத்தடி நீரைக் கெடுக்கலாம்.

யார் கண்காணிப்பது?
2025 ஜூலையில் மாசுபட்ட இடங்களுக்கான மத்திய அரசு விதிகள் வந்தன. விலக்குப் பட்டியலில் விமான நிலையம் இல்லை. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் 6 மாதத்துக்கு ஒருமுறை சொல்லணும். 90 நாளில் முதற்கட்ட ஆய்வு, அடுத்த 3 மாதத்தில் விரிவான ஆய்வு. அந்தமானில் இது மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவின் வேலை.

செலவு?
மாசுபடுத்தியவருடையது. ஆள் கிடைக்காவிட்டால் அரசு ஏற்கும்.

ஓட்டை எங்கே?
சுத்தம் செய்து முடிக்கக் கெடு இல்லை. விதிகள் வந்தபோது, நாடு முழுக்க அடையாளம் கண்ட 103 இடங்களில் 7-ல்தான் பணி தொடங்கியிருந்தது. பக்கத்து மாவட்டத்திலிருந்து லாரித் தண்ணீர் வரவழைக்க முடியாத தீவு இந்தத் தாமதத்தைத் தாங்காது.