சென்னைச் சிற்றிதழ்களும் நவீன ஓவியமும்

1960, 70களில் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து வெளியே வந்த இளைஞர்களும், கையிலிருந்த காசைப் போட்டு இதழ் நடத்திய எழுத்தாளர்களும் ஒரே பக்கத்தில் சந்தித்துக்கொண்ட வரலாறு இது. தமிழில் நவீன ஓவியம் முதலில் பரவலாகக் கண்ணில் பட்டது காட்சிக்கூடத்தில் அல்ல, சில நூறு பேர் படித்த சிற்றிதழ்களில்தான்.

இப்படியொரு கூட்டுக்கு முன்னோடி பெர்லின். ஹெர்வார்த் வால்டன் 1910இல் அங்கே 'டெர் ஸ்டுர்ம்' (புயல்) இதழைத் தொடங்கினார். ஓஸ்கார் கோகோஷ்காவின் கோட்டோவியங்கள் அந்த ஆண்டே அதில் வந்தன. மறு ஆண்டு ஃப்ரான்ஸ் ஃபெம்ஃபெர்ட் 'டி அக்சியோன்' என்ற இதழைத் தொடங்கி, கலையோடு இடதுசாரி அரசியலையும் சேர்த்துக்கொண்டார். 1912இல் மியூனிக்கில் காண்டின்ஸ்கியும் ஃப்ரான்ஸ் மார்க்கும் கொண்டுவந்த 'நீலக் குதிரைவீரன்' தொகுப்பில் புதிய ஓவியங்களுக்குப் பக்கத்திலேயே நாட்டார் கண்ணாடி ஓவியங்களும் குழந்தைகளின் படங்களும் இருந்தன. அந்த ஜெர்மன் அலை 1922 டிசம்பரிலேயே கல்கத்தா வந்துவிட்டது. காண்டின்ஸ்கி, பால் க்ளே உள்ளிட்ட பௌஹௌஸ் கலைப்பள்ளிக் கலைஞர்களின் படைப்புகள் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன. சென்னைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

பின்னாளில் ஓவியக் கல்லூரியான சென்னை ஓவியப் பள்ளியின் பிறப்பிடம் ராயபுரத்துக்குத் தெற்கே இருந்த பழைய பிளாக் டவுன். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் பிராட்வேயில் அதைத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளில் பள்ளி எழும்பூர்ப் பக்கம் போய்விட்டது. நூறாண்டு கழித்து அங்கே முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், 1944இல் தாம் நிறுவிய முற்போக்கு ஓவியர் சங்கத்தின் வழியாக 1961இல் 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்ற ஆங்கில இதழைக் கொண்டுவரச் செய்தார். ஓவியர்கள் தங்கள் வேலையைத் தாங்களே பேச அது இடம் தந்தது. 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானதும் இதே வட்டத்தின் முயற்சியால்தான். ஆனால் ஆங்கில இதழ் தமிழ் வாசகரிடம் எவ்வளவு தூரம் போகும்?

தமிழ்ப் பக்கத்தில் வழி திறந்தது சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கிய 'எழுத்து'. அது விமர்சனத்துக்கும் புதுக்கவிதைக்கும் களமாக இருந்ததே தவிர, ஓவியத்தில் பெரிய அக்கறை காட்டவில்லை. 1968இல் சேலத்திலிருந்து கவிஞர் சி. மணியின் முயற்சியில் வந்த காலாண்டிதழ் 'நடை' எட்டு இதழோடு நின்றுபோனது. அதே ஆண்டு சா. கந்தசாமியும் நண்பர்களும் 'கோணல்கள்' என்ற கதைத் தொகுப்பை வெளியிட்டார்கள். இந்த வட்டங்கள் ஒன்றுகூடியபோது பிறந்ததுதான் 'கசடதபற'. முதல் இதழ் 1970 அக்டோபர், ஆசிரியர் ந. கிருஷ்ணமூர்த்தி. ஞானக்கூத்தன், ந. முத்துசாமி, பின்னாளில் 'க்ரியா' பதிப்பகத்தை நிறுவிய எஸ். ராமகிருஷ்ணன் ஆகியோர் கூட இருந்தார்கள். ஆறு வல்லின எழுத்துகளையே பெயராக வைத்ததில் ஒரு சீண்டல் உண்டு. மெல்லினம் போதும் என்று இருந்த வார இதழ்களுக்கு அது பதில்.

இந்த இதழுக்கு ஆதிமூலம், ஆர்.பி. பாஸ்கரன், தட்சிணாமூர்த்தி போன்றவர்கள் வரைந்தார்கள். வார இதழ்ப் படம் கதையில் வரும் பெண்ணை அப்படியே வரைந்து காட்டும். இவர்களுடைய கோடுகள் கதைக்குக் கட்டுப்படாமல் தனியே நின்றன. இதில் அச்சகத்துக்கும் பங்கு உண்டு. அன்று ஈய எழுத்தைக் கையால் கோத்துத்தான் அச்சிட்டார்கள். படம் வேண்டுமென்றால் துத்தநாகத் தகட்டில் 'பிளாக்' எடுக்க வேண்டும். சாயல்கள் நிறைந்த படத்துக்குப் புள்ளிப் பிளாக்கும் வழவழப்பான தாளும் வேண்டும், அது கட்டுப்படியாகாது. வெறும் கறுப்புக் கோடு என்றால் மலிவு, சாதாரணத் தாளிலும் தெளிவாக விழும். பெர்லின்காரர்கள் மரச்செதுக்கை நாடியதிலும் இந்தக் கணக்கு இருந்தது: மரக்கட்டையை எழுத்தோடு சேர்த்தே அச்சுப்பொறியில் ஏற்றிவிடலாம். பணிக்கரின் மாணவர்களான இந்த ஓவியர்கள் கோட்டிலேயே ஊறியவர்கள் என்பதால், வறுமை இங்கே கலைக்கு அனுகூலமாகிவிட்டது. காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்கள் இந்தக் கைக்குச் சான்று. பின்னாளில் வெகுஜன இதழில் வந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர் வரைந்தபோது, அதே கோடு லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போனது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். 'கசடதபற' தொடங்கிய அதே 1970இல்தான் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. திருவொற்றியூரில் என்ஃபீல்டும் எண்ணூரில் அசோக் லேலண்டும் அதற்கு முன்பே வந்துவிட்டன. நகரத்தின் வடக்கே நடந்த இந்தப் பெரும் மாற்றம் தெற்கே கூடிப் பேசிய இதழ்களின் கோடுகளில் ஏறவே இல்லை என்றே சொல்லலாம். தொழிலாளருக்கென்று 1923இலேயே பொதுவுடைமையாளர் சிங்காரவேலர் 'தொழிலாளன்' நடத்தியிருந்தார். அந்த மரபும் ஓவியர்களின் மரபும் கைகோக்கவில்லை. 'டி அக்சியோன்' செய்ததைச் செய்ய ஒரு சென்னை இதழ் வரவில்லை.

'கசடதபற' எழுபதுகளின் நடுவில் நின்றுபோனது. முத்துசாமி தெருக்கூத்தின் பக்கம் திரும்பி 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். ஆதிமூலம் 2008இல் காலமானார். பழைய இதழ்களை பைண்டு செய்யும்போது அட்டையைக் கிழித்துப் போடுவது நம்மிடம் வழக்கம். ஓவியம் போவதும் அதோடுதான். உங்கள் வீட்டுப் பரணில் இந்த இதழ்கள் இருந்தால், அட்டையோடு ஒரு நூலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.