உப்பு வரி (பிரித்தானிய இந்தியா)

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியும், பின்னர் பிரித்தானிய அரசும் இந்தியாவில் உப்பின்மீது வசூலித்த வரி உப்பு வரி எனப்படும். அரசின் அனுமதியின்றி எவரும் உப்புக் காய்ச்சவோ விற்கவோ கூடாது என்ற ஏகபோகமும் இதனுடன் சேர்ந்தே வந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வங்காளத்தில் தொடங்கிய இந்த வரி, 1947 வரை ஏதேனும் ஒரு வடிவில் நீடித்தது.

உப்புக்கு வரி வாங்குவது வெள்ளையர் கண்டுபிடித்ததன்று. அர்த்தசாத்திரமே அதைப் பற்றிப் பேசுகிறது. முகலாயர் ஆட்சியிலும் அது உண்டு. ஆனால் கடல்நீர் காய்ந்து கரையில் படிந்த உப்பைக் கைப்பிடி அள்ளியவனையும் குற்றவாளியாக்கிய கட்டுக்காவல் கம்பெனி ஆட்சியில்தான் உருவானது. உழைத்து வியர்ப்பவனுக்கு உப்பு கூடுதலாக வேண்டும். அவன் மாட்டுக்கும் வேண்டும். அதனால் வருமானம் குறைந்தவர்களே தங்கள் வருமானத்தில் மற்றவர்களைவிடப் பெரிய பங்கை இந்த வரிக்குக் கொடுத்தார்கள். இதைவிட அநீதியான வரி அந்த ஆட்சியில் வேறு இருந்ததாகச் சொல்ல முடியாது.

வங்காளத்தின் வரிவசூல் உரிமை கம்பெனியின் கைக்கு வந்த 1765ஆம் ஆண்டிலேயே, கிளைவ் கம்பெனியின் உயர் அதிகாரிகளைப் பங்குதாரர்களாகக் கொண்ட ஒரு சங்கத்தை அமைத்து, உப்பு, பாக்கு, புகையிலை வணிகத்தை அதன் கையில் கொடுத்தார். 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் உப்பைக் கம்பெனியின் நேரடிக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தார். சென்னை மாகாணத்தில் ஏகபோகம் 1805இல் வந்தது. உமணர்கள் வண்டி கட்டி ஊர் ஊராகப் போய் நெல்லுக்கு உப்பு மாற்றியதைச் சங்கப் பாடல்கள் காட்டும் நாட்டில், அளத்துக்காரர்கள் விளைந்த உப்பை அரசு சொன்ன விலைக்கு அரசிடமே ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

மாகாணத்துக்கு மாகாணம் வரி விகிதம் வேறுபட்டதால் கடத்தல் பெருகியது. அதைத் தடுக்க எழுந்ததுதான் உள்நாட்டுச் சுங்க எல்லை. 1869 அளவில் சிந்து நதியிலிருந்து மகாநதி வரை சுமார் 2,300 மைல் நீண்ட அந்த எல்லையை ஏறத்தாழ 12,000 பேர் காவல் காத்தார்கள். அதில் ஒரு பகுதி உயிர்வேலி. வேலமரம், களா, இலந்தை, சப்பாத்திக்கள்ளி என்று அந்தந்த மண்ணில் எது பிடித்ததோ அதை நட்டு, ஆள் நுழைய முடியாதபடி வளர்த்தார்கள். செடி பிடிக்காத இடத்தில் காய்ந்த முள்ளை அடுக்கினார்கள். ஒரு நாட்டின் மக்களுக்கு உப்பு மலிவாகக் கிடைத்துவிடக் கூடாது என்பதற்காக அந்த நாட்டின் குறுக்கே முள் வளர்த்தார்கள் என்பதை இன்று நம்புவதே கடினம். 1860களின் இறுதியில் இந்த வேலியை முனைந்து வளர்த்த அதிகாரி ஆலன் ஆக்டேவியன் ஹியூம். 1885இல் காங்கிரஸ் தோன்றக் காரணமானவரும் அவரே.

1879இல் வேலி கைவிடப்பட்டது. இரக்கத்தால் அன்று, வரி விகிதங்கள் ஏறக்குறைய ஒன்றாக்கப்பட்டதால் வேலிக்கு வேலை இல்லாமல் போனது. அந்தச் சமப்படுத்தலுக்கு விலை கொடுத்தது தெற்கு. வடக்கே சில பகுதிகளில் வரியைக் குறைத்தவர்கள், சென்னை மாகாணத்தில் மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவாக இருந்ததை 2 ரூபாய் 8 அணாவாக உயர்த்தினார்கள். மணங்கு என்பது சுமார் 37 கிலோ. உயர்த்திய காலம் 1877இன் இறுதி. அதாவது தாது வருஷப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்துகொண்டிருந்த நேரம். உவர்மண்ணைக் கரைத்து உப்பெடுத்து வந்த உப்பிலியர்களின் தொழிலும் அரசின் தடையால் அழிந்தது. அவர்களில் பலர் குளம் வெட்டும் மண்வேலைக்குப் போனார்கள்.

1882ஆம் ஆண்டின் உப்புச் சட்டம் கட்டுப்பாடுகளை இறுக்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரி படிப்படியாகக் குறைந்தது. ஆனால் 1923இல், மத்திய சட்டசபை மறுத்தும், வைசிராய் ரீடிங் தம் தனி அதிகாரத்தால் அதை ஒன்றேகால் ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாயாக்கினார். எதிர்ப்பு வலுத்ததால் மறு ஆண்டே அது பழைய அளவுக்கு இறங்கியது.

காந்தி 1930இல் உப்பைக் கையிலெடுத்தபோது காங்கிரஸ் தலைவர்கள் பலருக்கே அதன் பொருள் விளங்கவில்லை. அடுப்படி வரை வந்த ஆட்சியை அடுப்படிப் பொருளைக் கொண்டே எதிர்க்கலாம் என்று அவர் கண்டார். மார்ச் 12 அன்று சபர்மதியிலிருந்து 78 பேருடன் புறப்பட்டு, சுமார் 240 மைல் நடந்து, ஏப்ரல் 6 அன்று தண்டிக் கடற்கரையில் உப்பள்ளினார். மே 21 அன்று தாராசனா உப்புக் கிடங்கை நோக்கி வரிசை வரிசையாகப் போன தொண்டர்கள், கை ஓங்காமல் தடியடி வாங்கி விழுந்தார்கள். வெப் மில்லர் என்ற அமெரிக்கச் செய்தியாளரின் எழுத்து வழியே உலகம் அதை அறிந்தது.

தமிழகத்தில் ராஜாஜி ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்களுடன் வேதாரண்யத்துக்கு நடந்தார். அவர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் ஆணையிட்டார். ஊர்மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். வேதாரண்யத்தில் அவர்களுக்கு எல்லாமாக நின்றவர் வேதரத்தினம் பிள்ளை. ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் உப்பள்ளிய ராஜாஜி கைதானார். அதே போராட்டத்தில் ருக்மிணி லட்சுமிபதியும் சிறை சென்றார். போலீசாருக்குச் சவரம் செய்ய மறுத்துத் தண்டனை பெற்ற நாவிதர் வைரப்பனை அந்த ஊர் இன்றும் மறக்கவில்லை.

1931 மார்ச் 5இல் கையெழுத்தான காந்தி–இர்வின் ஒப்பந்தம், கடலோரக் கிராமத்தார் தங்கள் வீட்டுக்கும் உள்ளூர் விற்பனைக்கும் உப்பெடுத்துக்கொள்ள இடமளித்தது. வரியோ நீங்கவில்லை. அதற்கு இன்னும் 16 ஆண்டுகள் ஆயின. 1947 பிப்ரவரி 28 அன்று இடைக்கால அரசின் நிதியமைச்சர் லியாகத் அலி கான் படித்த நிதிநிலை அறிக்கையில் உப்பு வரி ரத்தாகும் அறிவிப்பு இடம்பெற்றது. காந்தி அன்று கலவரத்தில் எரிந்த நவகாளிப் பக்கத்துக் கிராமங்களில் இருந்தார்.