பெயர் மாறிய சூறாவளிகள்

திருகோணமலையிலிருந்து நிலாவெளி செல்லும் வீதியில் உள்ள உப்புவெளிக்கு வங்கக் கடலின் சூறாவளிகள் புதியவையல்ல. “சூறாவளி வலுவிழந்து தாழமுக்கமாக மாறியது” என்று தலைப்பிட்டுப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பிய இரவுகள் என் பத்திரிகை வாழ்வில் பல. (தமிழகத்தார் தாழமுக்கத்தைக் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்பர்.) படித்தவர்கள் ஆபத்து நீங்கியது என்றே எண்ணியிருப்பர். எழுதிய நானும் அப்படித்தான் எண்ணினேன்.

வெதுவெதுப்பான கடலின் ஈரமே சூறாவளிக்கு உணவு. தரையேறினால் அது அறுபடும். நிலத்தின் உராய்வில் காற்றும் தளரும். ஆயினும் வன்னி நிலம் தட்டையானது, அகலமும் குறைவு. 1964 டிசம்பர் 22 அன்று திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய சூறாவளி, வவுனியா வழியாகப் பாக்கு நீரிணையில் இறங்கி, அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலில் மறைந்தது. அன்று சூறாவளி சூறாவளியாகவே இருந்தது.

குளிர்நாடுகளை நோக்கிச் செல்பவற்றுக்கு வேறொரு மாற்றம் உண்டு. குளிர்காற்றும் வெப்பக்காற்றும் சந்திக்கும் எல்லையை அடைந்ததும், கடலின் வெப்பத்துக்குப் பதிலாக அவ்விரண்டின் வெப்ப வேறுபாடே உணவாகிறது. நடுவிலிருந்த சூடு தணிந்து, வட்ட வடிவம் குலைந்து, மழை பெரும் பரப்புக்கு விரியும். 1954 ஒக்டோபர் 15 காலை அமெரிக்காவின் கரோலினாக் கரையில் ஏறிய ‘ஹேசல்’, அன்றிரவு இவ்வாறு உருமாறியே ரொறன்ரோவை அடைந்தது. கடலிலிருந்து அத்தனை தொலைவில் ஹம்பர் ஆறு பெருகி, ஒரே தெருவில் 35 பேரைக் கொண்டுபோயிற்று. ஒன்ராறியோவில் மாண்டவர் 81 பேர். அந்நகரின் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் வீடு கட்டுவது அதன் பின்னரே தடுக்கப்பட்டது. கோடையில் நம்மவர் ஒன்றுகூடும் ஆற்றோரப் பூங்காக்களில் சிலவற்றுக்கு இதுவே பூர்வீகம்.

நமது அகலக்கோட்டில் அம்மாற்றம் நிகழ்வதில்லை. இங்கே காற்று இறங்குகிறது, மழை தங்கிவிடுகிறது. 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய ‘புரெவி’, மன்னார் வளைகுடாவில் தாழமுக்கமாகத் தளர்ந்து, நகராமல் நின்றது. சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள் வெள்ளம் புகுந்தது அதன் பிறகுதான்.

2025 நவம்பர் இறுதியில் வந்த ‘டித்வா’வின் காற்றை, 1978 இல் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியின் காற்றுக்கு அருகில்கூட வைக்க முடியாது. ஆனால் மலையகத்தில் அது கொட்டிய மழையில் மண்சரிந்தது. இலங்கையில் 600 பேருக்கு மேல் இறந்தனர். அந்த மழைநீரில் பெரும்பகுதி மகாவலி வழியாக எங்கள் மாவட்டத்துக்கே இறங்கிற்று, கொட்டியாரக் குடாவை நோக்கி. நவம்பர் 30 அன்று மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து, மூதூர், வெருகல் பக்கத்து மக்கள் இரவோடிரவாக வீடுகளை விட்டு வெளியேறினர். அந்நேரம் ‘டித்வா’ தமிழகக் கரையோரம் வலுவிழந்துகொண்டிருந்தது.